நாம் திறந்த தவறணை

திருக்குறளின் 93 ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை உயர்தர வகுப்பு மாணவருக்குப் படிப்பித்துவிட்டு, அன்று மாலையே கள்ளுத் தவறணை ஒன்றுக்கான அனுமதி விண்ணப்பத்தை உட்கார்ந்து எழுதியவர் எம்மையன்றி வேறு யாரும் உளரோ என்பது ஐயமே. ஆசிரியர் ஓய்வறையில் இச்செய்தி பரவியபோது, “என்ன மாஸ்டர், பள்ளிக்கூடத்தை விட்டுட்டுத் தவறணை துறக்கப் போறியளோ?” என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பின் அடியில் கிடந்தது என்னவென்பதை அங்கிருந்த எல்லோரும் அறிவர்; நாமும் அறிவோம். அதனாலேயே இதனை எழுத வேண்டியதாயிற்று.

எம் தந்தையார் பனை ஏறியவர். 1990 இல் வலிகாமத்தின் வட கரையிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, பிறர் பெட்டகத்தையும் தையல் இயந்திரத்தையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்களாம். அப்பு கொண்டுபோனவை பாளைக்கத்தி, தட்டுப்பொல்லு, தளைநார் ஆகிய மூன்றுமே. நாம் பிறந்தது அகதி முகாமில். அந்நியர் காணிகளில், அந்நியர் பனைகளில், காலையும் மாலையும் ஏறி இறங்கி அவர் எம்மைப் படிப்பித்தார். பல்கலைக்கழகத்தில் நாம் தொல்காப்பியம் கற்ற ஒவ்வொரு மாதத்தின் செலவும் பனையிலிருந்து இறங்கி வந்தது என்பதே உண்மை. அப்படியிருந்தும் பல்கலைக்கழக அனுமதிப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் நாம் எழுதிய சொல் ‘விவசாயம்’. அப்பு அதனை வாசிக்கக்கூடியவர். வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. படிவத்தை மடித்து எம்மிடமே தந்தார்.

யுத்தம் முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே எமது காணிகள் துண்டுதுண்டாக விடுவிக்கப்பட்டன. அப்பு அதனைக் காணவில்லை. திரும்பிச் சென்றபோது வீடுகள் இருந்த இடத்தில் பற்றை இருந்தது. பனைகள் இருந்த இடங்களிற் பல வெட்டையாய்க் கிடந்தன. காவலரண்களுக்காகப் பனங்குற்றிகள் தறிக்கப்பட்ட கதை வடபகுதியார் எல்லோருக்கும் தெரிந்ததே. எஞ்சிய மரங்களை நம்பி எம் அண்ணன் உட்படப் பதினொரு தொழிலாளர் மீண்டும் ஏறத் தொடங்கினர்.

ஏறுவது அவர்களுக்குப் புதிதன்று, விற்பதே பெரும்பாடாயிற்று. தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மிகக் கிட்டிய தவறணை ஆறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. கள்ளின் இயல்பை அறியாதார்க்கு இதன் பொருள் விளங்காது. பாளையிலிருந்து வடியும் சாறு இனிப்பு நீர்; முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் அது கருப்பநீராகவே நிற்கும். பூசாவிடின் முட்டியில் ஒட்டியிருக்கும் நொதி அச்சாற்றைச் சில மணி நேரத்துக்குள் கள்ளாக்கிவிடும். அக்கள்ளோ ஒரு நாளும் பொறுத்திருக்கமாட்டாது. வெயிலேற ஏறப் புளிக்கும், மறுநாள் வினாகிரியாகும். சாராயத்தைப்போல் பூட்டிவைத்து விலை பார்த்து விற்கக்கூடிய சரக்கல்ல அது. காலைக் கள்ளைச் சைக்கிளில் கட்டி, குண்டும் குழியுமான வீதியில் ஆறு கிலோமீற்றர் உழக்கிச் சென்றால், போய்ச் சேரும்போது பாதி நுரை, மீதி புளிப்பு. “உதை வேண்டேலாது” என்ற சொல்லைக் கேட்டுவிட்டுத் திரும்புவதே வழக்கமாயிற்று. இதனை அறிந்துகொண்ட தரகர் ஒருவர் மரத்தடிக்கே வந்தார். விலையை அவரே சொன்னார். நாளைக்குப் பழுதாகப்போகும் பொருளை வைத்திருப்பவன் பேரம் பேச முடியாது என்ற அரசியற் பொருளாதாரத்தை அண்ணன் எந்த நூலிலும் படிக்கவில்லை. ஆயினும் எம்மைவிடத் தெளிவாக விளங்கியிருந்தார். “எங்கட ஊரிலை எங்களுக்கெண்டு ஒரு தவறணை வேணும். நீ படிச்சனி, கடுதாசியை எழுதித் தா” என்றார்.

‘எங்களுக்கெண்டு’ என்ற அச்சொல்லில் ஒரு நூற்றாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் கள், சாராய விற்பனை உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது. மரம் ஏறியவனுக்கு முதுகில் தழும்பு. குத்தகை எடுத்தவனுக்கு மாளிகை. சாராயக் குத்தகையில் திரண்ட பணமே இலங்கை முதலாளி வர்க்கத்தின் மூலதனத்துக்கு முக்கிய ஊற்றாக இருந்தமையைக் குமாரி ஜயவர்த்தனா 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஆங்கில ஆய்வுநூலில் விரித்துக் காட்டியுள்ளார். 1904 இலும் 1912 இலும் எழுந்த மதுவொழிப்பு இயக்கத்தின் மேடைகளில் முழங்கியோருள், குத்தகைப் பணத்திற் படித்து ஆளான குடும்பத்தினரும் இருந்தனர் என்பது வரலாற்றின் வேடிக்கை. இன்றும் எம்மை ஆள்வது 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டமே. எழுபதுகளின் முற்பகுதியிலேதான் வடபகுதியின் மரமேறும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டு, தாம் இறக்கும் கள்ளைத் தாமே விற்கும் நிலையைப் பெற்றனர். பனை அபிவிருத்திச் சபை 1978 இல் தோன்றியது. இவை யாவும் ஒருவர் கொடுத்த வரம் எனச் சிலர் பேசுவர். தேநீர்க்கடையில் போத்தலிலும் தகரப் பேணியிலும் தேநீர் வாங்கிக் குடித்த மக்கள், அறுபதுகளில் அடிபட்டும் உயிர்கொடுத்தும் நடத்திய போராட்டத்தின் பின்னரே இவை வந்தன என்பதை அவர்கள் சொல்வதில்லை.

நிற்க. வரலாறு தெரிந்திருப்பது வேறு, ஒரு தவறணையைத் திறப்பது வேறு.

முதலில் நிலம் வேண்டும். பாடசாலைக்கும் வழிபாட்டிடத்துக்கும் உரிய தூரத்தில், வண்டி போகும் பாதையோரத்தில், உறுதி தெளிவான காணி வேண்டும். பதினொருவரில் அவ்வாறான காணி எவருக்கும் இல்லை. மூன்று பேரிடம் கேட்டோம். முதலாமவர் வெளிநாட்டிலிருக்கும் மகனைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டாமவர், தம் காணியால் கோயிலுக்குப் பூ எடுத்துச் செல்வதாகக் காரணம் காட்டினார். மூன்றாமவர் நேர்மையானவர். “தம்பி, உன்னை நான் மதிக்கிறன். ஆனால் உங்கட ஆக்கள் என்ரை காணிக்கை வந்து இருக்கிறதை என்ரை பக்கத்தார் விடமாட்டினம்” என்றார். அந்நேர்மைக்காக அவரிடம் எமக்கு இன்றும் கோபமில்லை. இறுதியில், கடற்றொழிலாளி ஒருவரின் விதவை, கடற்கரைப் பக்கமாக இருந்த தம் இரண்டு பரப்பைக் குத்தகைக்குத் தந்தார். முற்பணம் கேட்கவில்லை. “எனக்கு ஆர் பேசப்போகினம்?” என்றார்.

அடுத்தது மனு. விண்ணப்பம் சென்ற மூன்றாம் வாரமே, எம் ஊரவர் எழுபது பேரின் கையொப்பத்தோடு எதிர்ப்பு மனு ஒன்று சென்றது. மொழிநடை நன்றாக இருந்தது. அதனை வரைந்த கை எம்முடன் ஒரே ஓய்வறையில் தேநீர் குடிக்கும் கையென்பது எமக்குப் பின்னரே தெரிந்தது. இளைஞர் கெடுவர், கலாசாரம் சீரழியும், பெண்கள் பாதையால் நடமாட முடியாது என அதில் காரணங்கள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றையும் நாம் இகழவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தோம். அதே ஊரிலிருந்து ஐந்து நிமிட மோட்டார் சைக்கிள் ஓட்டத்தில் குளிரூட்டிய மதுச்சாலை ஒன்று இருந்தது. அதற்கு எதிராக ஒரு கையொப்பமும் எந்நாளும் வைக்கப்பட்டதில்லை. கசிப்பு எந்தப் பற்றைக்குள் வடிகிறது என்பதும் ஊருக்குத் தெரியும். அதற்கும் மனு இல்லை. நூற்றுக்கு ஐந்து அளவில் வெறியமுள்ள கள்ளுக்கு மட்டும் கலாசாரம் துடித்தெழுந்தது. கள்ளில் உள்ள குற்றம் அதன் வெறியமா, அதனை இறக்குபவனின் சாதியா என்ற கேள்வியைப் பதில் மனுவில் எழுதினோம். பின்னர் அதனை வெட்டிவிட்டோம். அதிகாரிகளுக்கு வேண்டியது தூர அளவு மட்டுமே. அவர்கள் வந்து அளவுநாடா பிடித்து அளந்தனர். தூரம் சரியாகவே இருந்தது.

எமது உண்மையான சோதனை அம்மனுவன்று. அது எம் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

எம் அக்காவின் கணவர் முகாமிலே குடித்து இறந்தவர். வேலையில்லை, காணியில்லை, நாளில்லை, பொழுதில்லை. அத்தான் கசிப்புக் குடித்தார், ஈரல் அழுகிச் செத்தார். இரண்டு பிள்ளைகளோடு அக்கா வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்றாள். சங்கக் கூட்டம் எமது முற்றத்தில் கூடியபோது அவள் குசினிக்குள்ளிருந்து வெளியே வந்தாள். “அங்காலை நிலம் குடுக்காதவை சாதிக்காகக் குடுக்கேல்லை. நான் சொல்லுறது அதில்லை. நீங்கள் விக்கிற கள்ளை ஆர் குடிக்கப்போறது? வெள்ளைக்காரனே? எங்கட வீட்டு ஆம்பிளையள்தானே?” என்று கேட்டாள். பதினொரு பேரும் நிலத்தைப் பார்த்தனர். எமக்குச் சங்க இலக்கியம் தெரியும். அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலையில், அம்மன்னன் கள்ளைப் பகிர்ந்து கொடுத்த சிறப்பு பேசப்படுவதும் தெரியும். மார்க்சியமும் ஓரளவு தெரியும். அவற்றுள் எதுவும் அக்காவின் கேள்விக்கு முன்னால் வாய் திறக்கவில்லை.

மௌனத்தை உடைத்தவர் அண்ணன். “இல்லாட்டி என்ன செய்யச் சொல்லுறாய்? மரத்தை விட்டிட்டு மேசன் வேலைக்குப் போகட்டோ? எனக்கு நாப்பத்தெட்டு வயசு” என்றார். இதற்கும் விடை இல்லை. இரு கேள்விகளும் அன்றிரவு முழுதும் அம்முற்றத்தில் எதிரெதிரே இருந்தன.

மறுவாரம் பெண்கள் கூடிச் சில நிபந்தனைகளைக் கொண்டுவந்தனர். எவருக்கும் கடன் இல்லை. சங்கத் தலைவருக்கும் இல்லை. இருட்டியபின் விற்பனை இல்லை. ஒவ்வொரு தொழிலாளியின் கிழமை வரும்படியிலும் அரைவாசி மனைவியின் அல்லது தாயின் வங்கிப் புத்தகத்துக்கு நேரே போக வேண்டும். கணக்கை ஒரு பெண் பார்க்க வேண்டும். முதல் மூன்றும் ஒரு மணி நேர முணுமுணுப்போடு நிறைவேறின. நான்காவதிலேதான் சட்டம் குறுக்கே நின்றது. மதுச்சாலைகளில் பெண்களை வேலைக்கு அமர்த்துவதையும், அங்கே அவர்களுக்கு மது விற்பதையும் தடுக்கும் அறிவித்தல் 1979 இலிருந்து உண்டு. 2018 தை மாதத்தில் நிதி அமைச்சர் அதனை நீக்கினார். சில நாட்களுக்குள் சனாதிபதியின் பணிப்பால் அந்நீக்கம் கைவிடப்பட்டது. தவறணையால் அதிகம் துன்பப்பட்டவள் தவறணைக்குள் நுழைந்து கணக்குப் பார்க்கக்கூடாது என்பது இந்நாட்டின் பெண் பாதுகாப்பு! ஆகவே கணக்குப் புத்தகம் ஒவ்வொரு மாலையும் எமது வீட்டுக்கு வந்தது. அதனைப் பார்த்தவள் அக்கா. தானாகவே முன்வந்து கேட்டு வாங்கிக்கொண்டாள்.

2019 மாசியில் தவறணை திறந்தது. ஓலைக் கூரை, சீமெந்துத் தரை, நான்கு வாங்கு, ஒரு தண்ணீர்த் தொட்டி. முதல் நாள் பிளாவில் வார்த்தார்கள். பின்னர் சுகாதாரப் பரிசோதகரின் சொற்படி கண்ணாடிக் கோப்பைகள் வாங்கினோம். எல்லோருக்கும் ஒரே கோப்பை. இதனை வாசிக்கும் தென்னிலங்கை நண்பர்களுக்கு இது சிறு செய்தியாகத் தோன்றலாம். மூன்றாம் நாள், பின்வேலிப் பக்கமாக ஒரு பையன் போத்தலோடு வந்து நின்றான். அனுப்பியவர் மனுவில் ஒன்பதாவது கையொப்பமிட்டவர். விற்பனையாளர் எம்மைப் பார்த்தார். பையனுக்கு வயது போதாது என்று திருப்பி அனுப்பச் சொன்னோம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி இருபத்தொரு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்க்கு விற்கலாகாது. அடுத்த கிழமை அவரே வந்தார். உள்ளே இருக்கவில்லை; வேலியோரம் நின்று குடித்தார். இப்போது வாங்கில் இருக்கிறார். மனமாற்றமா, வெயிலா என்று நாம் ஆராயவில்லை.

இலாபம் வருமென்று கணக்குப் போட்டவர்கள் முதலாண்டில் ஏமாந்தோம். பனை ஏறும் காலம் ஆண்டில் ஏறக்குறைய அரைவாசிதான். எஞ்சிய மாதங்களுக்குத் தென்னங்கள் வெளியே வாங்க வேண்டும். போயா தினத்தில் மது விற்பனை நாடு முழுதும் தடை. ஆனால் பாளைக்குப் போயா தெரியாது. ஒருநாள் சீவாது விட்டால் பாளையின் முகம் காய்ந்துவிடும்; ஆகவே ஏற வேண்டும், இறக்க வேண்டும், இறக்கியதை விற்க முடியாது. முதல் போயாக் கள்ளை நிலத்தில் ஊற்றினோம். அன்று அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் போயாவிலிருந்து பெண்கள் அதனை மண் சாடிகளில் விட்டு வினாகிரியாக்கினர். சித்திரை மாதத்தில் கள் தட்டுப்பட்டபோது, சீனித் தண்ணீர் கலந்து அளவைக் கூட்டலாம் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். வெளியார் அல்லர், எம்மவரே. வாக்கெடுப்பு நடந்தது, எட்டுக்கு மூன்றாகத் தோற்றது. அந்த மூவரும் கெட்டவர்கள் அல்லர். பிள்ளைகளின் பள்ளிச் செலவை எண்ணியவர்கள்.

அடுத்த ஆண்டு, நல்ல பருவத்தில், 2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது. மதுச்சாலைகள் யாவும் மூடப்பட்டன. கசிப்புக்காரருக்கு மட்டும் ஊரடங்கு இருக்கவில்லை. நாம் முட்டிகளுக்குச் சுண்ணாம்பு பூசினோம். கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி செய்தோம். அக்காவின் அடுப்பில் விறகு இரவு பகலாக எரிந்தது. அம்மூன்று மாதங்களில் பதினொரு குடும்பமும் பட்டினி கிடக்கவில்லை என்பது மட்டுமே சொல்லக்கூடியது. பனங்கட்டியால் மட்டும் வாழலாமே என்று இப்போது எவரும் கேட்கலாம், அக்காவும் கேட்டாள். விறகுச் செலவையும் பனங்கட்டியின் விலையையும் அவளே புத்தகத்தில் எழுதிப் பார்த்தாள். பிறகு அவள் அதனைக் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு மீண்டும் கள்ளுண்ணாமை அதிகாரம் வந்தது. பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவன் தந்தை எமது தவறணையின் நாளாந்த வாடிக்கையாளர். கூலி வேலை செய்பவர். “சேர், இதைப் படிப்பிக்கிற நீங்கள்தானே அந்தத் தவறணைக்கு எழுதிக் குடுத்தது?” என்று கேட்டான். வகுப்பு உறைந்தது. அவன் குரலில் துடுக்கு இல்லை. அவனுக்கு அது தெரிய வேண்டியிருந்தது. ஆம் என்றோம். எம் தந்தை கள் இறக்கியவர் என்பதையும், அதனை ஒருகாலத்தில் நாம் எழுதாது மறைத்ததையும் சொன்னோம். “அது சரி சேர். அப்பா வீட்டை வரேக்கை கூலியிலை அரைவாசிதான் இருக்குது” என்றான்.

அன்று மாலை அதனைச் சங்கத்தில் சொன்னோம். மரம் ஏறுபவரின் வீட்டுக்கு அரைவாசியை உறுதிசெய்த நாம், குடிப்பவரின் வீட்டைப் பற்றி எண்ணவேயில்லை. நாள் ஒன்றுக்கு ஒருவருக்கு இரண்டு போத்தலுக்கு மேல் விற்பதில்லை என்று அக்கா முன்மொழிந்தாள். விற்பனை குறையுமென்றார் அண்ணன். குறைந்ததுதான். சிலர் குளிரூட்டிய கடைக்குப் போயினர். அம்மாணவனின் தந்தையும் சில நாட்கள் போனார், விலை தாங்காமல் திரும்பி வந்தார். இரண்டு போத்தலோடு எழுந்து போகிறார். போகும் வழியில் வேறெங்கும் நுழைகிறாரா என்பதை அம்மாணவனிடம் கேட்கும் துணிவு எமக்கு இன்னும் வரவில்லை.

அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. வரும் ஆண்டுக்கான படிவம் இப்போது எம் மேசையில் கிடக்கிறது. அரசாங்க ஆசிரியரான எமக்குச் சங்கத்தில் பங்கும் இல்லை, பதவியும் இல்லை. எழுதிக் கொடுப்பதே எம் வேலை. அங்கத்தவர் பெயர்களுக்கு எதிரே தொழில் என்ற நிரலில் ‘கள் இறக்கும் தொழிலாளி’ என்று பதினொரு முறை எழுதியாயிற்று. குசினிக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்கிறது: “நாளைக்குப் போயா எல்லோ? சாடியளைக் கழுவிக் கவிட்டு வைக்கச் சொல்லு.”